சிலையான மறவரும் சிதைந்த மொழியும்

(வாசகசாலை ஆண்டுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இங்குக் கூடியிருப்போருள் சிலர் மேற்படிப்பின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ இலண்டன் மாநகர் சென்று மீண்டவர்கள். வேறு சிலர் காலை முழுதும் கமத்தில் நின்றுவிட்டு, மாலையில் இந்த முற்றத்திற்கு வந்து அமர்ந்தவர்கள். இரு சாராருக்கும் சுவை தரக்கூடிய ஒரு பொருளைத் தேடியே கெல்ட்டிய மறவரின் கதையை எடுத்துக்கொண்டோம். அதில் அரசிகளும் உண்டு, தேர்களும் உண்டு. நெற்றியிலடித்தாற்போல் சில உண்மைகளும் உண்டு. ஓர் எருதுக்காக மூண்ட பெரும் போரும் உண்டு.

இலண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் ஓரத்தில், பாராளுமன்றக் கட்டடத்திற்கு எதிரே ஒரு வெண்கலச் சிலை நிற்கின்றது. இரண்டு குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன. தேரின்மீது கையில் ஈட்டியுடன் ஓர் அரசி. அவள் அருகே பெண்மக்கள் இருவர். தோமஸ் தோர்ணிகுரொவ்ட் என்னும் சிற்பி பல ஆண்டுகள் உழைத்துச் சமைத்த அச்சிலை 1902 ஆம் ஆண்டில் அங்கு நிறுத்தப்பட்டது. தேர்ச் சில்லுகளில் அரிவாள்களைப் பூட்டி வைத்திருக்கிறார். அது சிற்பியின் கற்பனை. பிரித்தானியரின் தேர் அப்படிப்பட்டதன்று. பாதையில் எதிர்வந்த மனிதரைத் தள்ளிவிடுவோம், அத்தகைய சில்லுடன் ஓர் ஒழுங்கைக்குள் வண்டி திருப்ப முடியுமா என்று எமது கமக்காரரைக் கேட்டாலே போதும்.

அந்த அரசியின் பெயர் பூடிக்கா. கி.பி. 60, 61 ஆம் ஆண்டளவில் உரோமப் பேரரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தவள். அவள் படை தீக்கிரையாக்கிய நகரங்களுள் ஒன்று எது? அதே இலண்டன். இன்றும் அந்நகரில் அத்திவாரம் தோண்டும்போது, நிலத்தின் ஆழத்தில் செந்நிறமாய் எரிந்துபோன ஒரு மண்படையைக் காண்கிறார்கள். அது பூடிக்கா மூட்டிய தீயின் எச்சம். தன்னை எரித்தவளுக்கே அந்நகரம் சிலை எடுத்திருக்கின்றது. அதுவும் எப்பொழுது? உலகின் காற்பங்கைத் தானே பேரரசாக ஆண்டுகொண்டிருந்த காலத்தில்! பேரரசை எதிர்த்தவளைப் பேரரசே தன் தாயாக்கிக்கொண்டது. இந்த விந்தை எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதலில் கெல்ட்டியர் யார் என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, தென் ஜெர்மனி முதலிய நிலங்களில் வாழ்ந்த பல குடிகளைக் கிரேக்கர் 'கெல்ட்டோய்' என்றனர். உரோமர் 'கால்லி' என்றனர். பிரான்ஸ் நாட்டை அக்காலத்தில் கோல் நாடு என அழைத்தனர். அக்குடிகள் தம்மை ஓரினமாக எண்ணினவா என்பது இன்றும் அறிஞரிடையே வழக்கு. ஆனால் மொழியைப் பொறுத்தவரை ஐயமில்லை. 1707 ஆம் ஆண்டில் எட்வேட் லூயிட் என்னும் அறிஞர் ஐரிஷ், வெல்ஷ், பிரெத்தோன், கோர்ணிஷ் முதலிய மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனவும், பழைய கோல் மொழிக்கு உறவினர் எனவும் எடுத்துக் காட்டினார். அன்று முதல் அக்குடும்பத்துக்குக் கெல்ட்டியம் என்ற பெயர் நிலைத்தது.

இவர்கள் காட்டுமிராண்டிகள் என்றே உரோமர் எழுதினர். ஆயினும், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்யும் மெய்க்கவசம் கெல்ட்டியரிடமிருந்தே உரோமருக்குச் சென்றது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. நாம் ஏறிச் செல்லும் 'கார்' என்னும் சொல்லே ஆங்கிலம், பிரெஞ்சு, இலத்தீன் என்று பின்னோக்கிச் சென்றால் கோல் நாட்டுத் தேர்த்தட்டில் போய் நிற்கும். கமக்காரருக்கு மற்றொரு செய்தி. கோல் நாட்டின் பெரிய பண்ணைகளில் கதிரறுக்க ஒரு பொறி இருந்தது. பற்கள் வரிசையாய் அமைந்த ஒரு பெட்டி வண்டி. மாடோ கழுதையோ முன்னின்று இழுக்காமல், பின்னின்று பயிருக்குள் அதனைத் தள்ளும். கதிர்கள் மட்டும் கொய்யப்பட்டுப் பெட்டிக்குள் விழும். பிளினி என்ற உரோமர் முதல் நூற்றாண்டிலேயே இதனை எழுதி வைத்தார். நம்பாதவர்கள் இருந்தார்கள். 1958 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் பூசெனோல் என்ற இடத்தில் அப்பொறியைச் செதுக்கிய கற்சிற்பமே கிடைத்தது.

இவ்வளவு கைத்திறன் உடையோர் தம் வரலாற்றைத் தாமே எழுதினார்களா? இல்லை. துருயிதர் எனப்பட்ட அவர்களுடைய குருமார் சமயக் கல்வியையும் பழங்கதைகளையும் எழுத்தில் இடுவது தகாது என்று கொண்டனர். மாணாக்கர் சிலர் இருபது ஆண்டுகள் வரை இருந்து மனனம் செய்தார்களாம். எழுத்து அறியாதவர்கள் அல்லர். கணக்கு வழக்குகளுக்குக் கிரேக்க எழுத்தைக் கையாண்டனர். உயர்ந்ததை எழுதவில்லை. இதை எமக்குச் சொல்பவரும் யூலியஸ் சீசரே. குருமார் அழிந்தபோது அவர்கள் நெஞ்சிலிருந்த நூலகமும் அழிந்தது. எஞ்சியது பகைவன் எழுதிய ஏடு.

பகைவன் எழுதிய ஏட்டில் வீரம் மறைக்கப்படவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். உரோமில் காப்பிற்றோல் அரும்பொருட்காட்சிச் சாலையில் உள்ள 'இறக்கும் கோலியன்' என்னும் பளிங்குச் சிலையின் படத்தை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் முறுக்கு வளையம், மேலுதட்டில் மீசை, விலாவில் புண். முறிந்துபோன ஊதுகொம்பின் அருகே ஒரு கையை ஊன்றித் தலைகுனிந்து இருக்கிறான். கெல்ட்டியரை வென்ற பெர்கமம் நாட்டு மன்னன் அத்தலஸ் எடுப்பித்த சிலையின் உரோமப் படி அது. தோற்றவனை இவ்வளவு அழகாகச் செதுக்கியது இரக்கத்தாலா, இப்படிப்பட்டவனையே வென்றோம் என்று காட்டவா? இரண்டுமாக இருக்கலாம். ஆனால் சிலைக்குப் பணம் கொடுத்தவன் வென்றவன்.

இனி வெர்சிங்கெதோரிக்ஸ் என்பவனிடம் வருவோம். பெயர் நீளம், பொருள் 'மறவர்க்கெல்லாம் பேரரசன்' என்பதாம். கி.மு. 58 முதல் சீசர் கோல் நாட்டைக் குடி குடியாகப் பிடித்து வந்தார். ஒரு குடியை மற்றொரு குடிக்கு எதிராக நிறுத்துவதே அவருடைய பெரும் படைக்கலம். ஒரு தலைவனுக்குப் பட்டம், மற்றொருவனுக்குப் பரிசு, மூன்றாமவனுக்குப் பிணை. கி.மு. 52 இல் அர்வேர்ணர் குடியைச் சேர்ந்த இவ்விளைஞன் எழுந்து, பிரிந்து கிடந்த குடிகளுள் மிகப் பலவற்றை ஒரு கொடியின்கீழ்க் கொண்டு வந்தான்.

அவன் கண்ட போர்முறை வாளைப் பற்றியதன்று, தானியத்தைப் பற்றியது. உரோமப் படை உண்ணாமல் போரிட முடியாது. ஆகையால் பகைவன் வரும் வழியிலுள்ள களஞ்சியங்களையும் ஊர்களையும் நாமே எரித்துவிடுவோம் என்றான். பிதுரிகர் குடியின் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் ஒரே நாளில் எரிந்தன. சொந்தக் கையால் விளைத்ததைச் சொந்தக் கையால் கொளுத்துவது எத்தகைய கொடுமை என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவரிக்கம் என்ற அழகிய நகரின் முறை வந்தபோது அக்குடியினர் காலில் விழுந்து மன்றாடினர். 'இதை மட்டும் விட்டுவிடு. இதை நாங்கள் காப்போம்' என்றனர். அவன் மனமில்லாமல் இணங்கினான். சீசர் அந்நகரை முற்றுகையிட்டுப் பிடித்தார். அங்கிருந்த நாற்பதினாயிரம் பேரில் எண்ணூறு பேர்தாம் உயிர்தப்பினர் என்று அவரே எழுதுகிறார். அந்நகரம் இன்று பூர்ஜ் எனப்படும்.

அடுத்து கெர்கோவியா. அங்கு சீசர் தோற்றார். ஆம், சீசரே தோற்றார். ஆயினும் அதே ஆண்டில் அலேசியா என்னும் குன்றுக்கோட்டையில் வெர்சிங்கெதோரிக்ஸ் அகப்பட்டுக்கொண்டான். சீசர் குன்றைச் சுற்றிப் பத்து மைல் நீளத்துக்கு அகழியும் அரணும் எழுப்பினார். வெளியிலிருந்து உதவிப்படை வரும் என்றறிந்து, தம் முதுகுப்புறமாகப் பதினான்கு மைல் நீளத்தில் இன்னோர் அரணும் எழுப்பினார். முற்றுகையிடுபவனே முற்றுகைக்குள் இருந்த விந்தையான போர் அது.

உள்ளே தானியம் குறைந்தது. அப்பொழுது நடந்ததைப் பலர் விரைந்து கடந்துவிடுவர்; நாம் சற்று நிற்போம். அலேசியா மந்துபியர் என்ற சிறு குடியின் ஊர். அவர்களே கோட்டைக் கதவைத் திறந்து மறவர்களை உள்ளே விட்டவர்கள். போரிட வலுவில்லாத அவர்களுடைய முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும், உணவை மிச்சப்படுத்தும் பொருட்டு, சொந்த ஊரிலிருந்தே வெளியேற்றப்பட்டனர். அவர்கள் உரோம அரணை அடைந்து அழுதனர். 'எம்மை அடிமைகளாகக் கொள்ளுங்கள், உணவு மட்டும் தாருங்கள்' என்றனர். உள்ளே விடக்கூடாதென்று சீசர் கட்டளையிட்டார். அவர் நூலில் அவ்வளவுதான். பின்பு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே கிடந்து மடிந்தார்கள் என்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் சென்றபின் தியோ என்னும் வரலாற்றாசிரியர் எழுதினார். இரு தரப்பு மறவருக்கும் சிலைகள் உண்டு. மந்துபியக் குழந்தைகளைப் பாடிய காப்பியம் எதனையும் நாம் அறியோம்.

உதவிப்படை சிதறியது. வெர்சிங்கெதோரிக்ஸ் சரணடைந்தான். அழகிய கவசமணிந்து, குதிரையேறி, சீசரை ஒருமுறை வலம் வந்து, இறங்கிப் படைக்கலங்களைக் காலடியில் போட்டான் என்பது புளூட்டாக் தீட்டிய சித்திரம். நேரில் நின்ற சீசரோ, அவனை ஒப்படைத்தார்கள் என்று மட்டும் எழுதி முடிக்கிறார். ஆறு ஆண்டுகள் சிறை. கி.மு. 46 இல் உரோமின் வீதிகளில் வெற்றி ஊர்வலத்தில் காட்சிப் பொருளாக்கப்பட்டான், அதன்பின் கொல்லப்பட்டான். அவன் பெயர் பொறித்த தங்க நாணயங்கள் இருபதுக்கு மேல் கிடைத்துள்ளன. அவன் தரப்பிலிருந்து எம்மை அடைந்த சாட்சி ஏறத்தாழ அவ்வளவே.

பூடிக்காவின் கதையும் இவ்வாறே பகைவர் வாயிலாக வந்தது. ஐசீனியர் குடியின் அரசனான அவள் கணவன், தன் செல்வத்தில் பங்கைப் பேரரசன் நீரோவுக்கும் பங்கைத் தன் புதல்வியருக்கும் எழுதி வைத்து இறந்தான். அவ்வாறு எழுதினால் நாடு பிழைக்கும் என்று நம்பினான். உரோம உத்தியோகத்தர் அனைத்தையும் கவர்ந்தனர். அரசியைச் சாட்டையால் அடித்தனர். புதல்வியரின் கற்பை அழித்தனர். மூன்று நகரங்கள் எரிந்தன; எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என்பது தாசிட்டஸ் தரும் கணக்கு. இறுதிப் போரில் பிரித்தானியர் தம் குடும்பங்களை வண்டிகளில் ஏற்றிக் களத்தின் பின்புறம் நிறுத்தியிருந்தனர், வெற்றியைக் காண்பதற்காக. ஓட வேண்டி வந்தபோது அந்த வண்டிகளே வழியை அடைத்தன.

தாசிட்டஸின் ஏட்டில் பூடிக்கா வீர உரை ஆற்றுகிறாள். அதேபோல் ஸ்கொத்லாந்தின் மலைச்சாரலில் கல்காக்கஸ் என்ற தலைவன், உரோமரின் பேராசையைத் தோலுரித்துக் காட்டும் உரையொன்றை நிகழ்த்துகிறான். பேரரசுகளைப் பற்றி அதைவிடக் கசப்பான கண்டனம் இலத்தீன் மொழியில் இல்லை என்பர். அதைக் கேட்டுக் குறிப்பெடுத்தவர் யார்? எவரும் இலர். அந்த உரையை இயற்றியவர் தாசிட்டஸ். கல்காக்கஸை வென்ற உரோம ஆளுநரின் மருமகன் அவர். கல்காக்கஸ் என்ற பெயர் வேறெந்த நூலிலும் இல்லை. உரோமனுடைய மனச்சாட்சி பேச விரும்பியதைக் கெல்ட்டியன் வாயில் வைத்துப் பேசியிருக்கின்றது. பேச்சு நல்ல பேச்சே. ஆனால் அது அவனுடைய பேச்சன்று, அவனுடைய மொழியுமன்று.

உரோமர் வெல்லாத ஒரு கெல்ட்டிய நாடு உண்டு, அது அயர்லாந்து. அங்கு மட்டுமே பழைய மறக்கதைகள் சொந்த மொழியில் பெருந்தொகையாக எழுத்தேறின. எழுதியவர்கள் கிறித்தவத் துறவிகள். 'கூலியின் ஆநிரை கவர்தல்' என்னும் கதையே அவற்றுள் தலையாயது.

கதை தொடங்கும் இடம் படுக்கையறை. கொனக்ற் நாட்டு அரசி மேவும் அவள் கணவன் அலிலும் யாருடைய செல்வம் பெரிது என்று வாதாடுகிறார்கள். பானை சட்டி, பொன், ஆடு, பன்றி, குதிரை எல்லாவற்றையும் கொண்டுவந்து எண்ணுகிறார்கள். அனைத்தும் சரிக்குச் சரி. ஒன்றே ஒன்று இடிக்கிறது: அலிலின் பட்டியில் வெண்கொம்பன் என்ற எருது நிற்கின்றது. அது மேவின் பட்டியில் பிறந்தது. ஆனால் பெண்ணுக்கு உடைமையாய் இருக்க விரும்பாமல் மறுபட்டிக்குப் போய்விட்டதாம்! எருதுக்கும் அத்தனை இறுமாப்பு. அதற்கு ஈடான எருது அல்ஸ்ரர் நாட்டுக் கூலியில் உண்டு என்று கேட்டு, ஓராண்டுக்கு இரவல் தரும்படி மேவ் தூது விடுகிறாள். உரியவன் மகிழ்ந்து இணங்குகிறான். இரவு விருந்தில் குடித்த தூதர், 'தராவிட்டால் பறித்திருப்போம்' என்று உளறிவிட, பேச்சு முறிகிறது, போர் மூள்கிறது. ஒரு குடிகாரன் வாய் இரண்டு நாடுகளை எரித்த கதை எமது ஊர்களுக்கும் புதிதன்று.

அல்ஸ்ரர் மறவர் ஒரு சாபத்தால் நோயுற்றுக் கிடக்கின்றனர். நிறைமாதப் பெண்ணொருத்தியைக் குதிரைகளோடு ஓட்டப்பந்தயம் ஓட வைத்த பாவத்திற்காக அவள் இட்ட சாபம்: நாட்டுக்கு நெருக்கடி வரும்பொழுதெல்லாம் ஆண்கள் பேறுகால வேதனை அடைவார்கள். நோய் தீண்டாத ஒரே இளைஞன் கூஹுலின், வயது பதினேழு. ஆற்றுத்துறையில் தனியே நின்று, நாளொன்றுக்கு ஒருவனாக எதிரியைத் தடுக்கின்றான். இறுதியில் அவனுக்கு எதிரே அனுப்பப்படுபவன் பேர்தியா. இருவரும் ஸ்காத்தா என்ற மறப்பெண்ணிடம் ஒன்றாய்ப் படைக்கலம் பயின்ற வளர்ப்புச் சகோதரர்கள். பகலில் வெட்டிக்கொள்கிறார்கள், மாலையில் ஒருவர் புண்ணுக்கு மற்றவர் மருந்து அனுப்புகிறார். நான்காம் நாள் பேர்தியா மாள்கிறான். கூஹுலின் அவன் உடலை ஏந்தித் தன் கரையில் வைத்து அழுகிறான். கடைசியில் இரண்டு எருதுகளும் மோதி, வெண்கொம்பன் சிதைந்து அழிகிறது; கூலி எருதும் ஊர் திரும்பி நெஞ்சு வெடித்து இறக்கிறது. எதற்காகப் போரிட்டார்களோ அது இருவருக்கும் இல்லை.

கூஹுலினின் இறப்பைச் சொல்வது வேறொரு கதை. குற்றுயிரான அவன் நின்றபடியே சாக விரும்பி ஒரு நெடுங்கல்லில் தன்னைக் கட்டிக்கொள்கிறான். தோளில் பறவை வந்து அமரும்வரை பகைவர் நெருங்கத் துணியவில்லை.

ஆகோளும் நடுகல்லும் அறிந்த எமக்கு இக்கதை அயலாகத் தோன்றாது. அதைப் பற்றி ஈற்றில் ஒரு வார்த்தை சொல்வோம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற லெயின்ஸ்ரர் ஏட்டில் இக்கதையின் முடிவில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று ஐரிஷ் மொழியில்: இக்கதையை மாற்றாமல் மனனம் செய்வோருக்கு வாழ்த்து. அடுத்தது இலத்தீனில்: இதில் பலவற்றை நம்புவதற்கில்லை, பேய்களின் சூழ்ச்சியும் கவிஞரின் புனைவும் மூடரை மகிழ்விக்கும் செய்தியும் இதில் உண்டு என்ற எச்சரிக்கை. தாய்மொழியில் எழுதும்போது வாழ்த்து. கற்றோர் மொழிக்கு மாறியதும் நாணம். அதே ஏடு, அதே பக்கம்! ஆங்கிலத்தில் ஒரு முகமும் தமிழில் ஒரு முகமுமாய் வாழும் உத்தியோகத்தர் எவரும் இந்த அவையில் இல்லை என்றே நம்புகிறோம்.

இனிச் சிலைகளின் கதை. 1861 முதல் 1865 வரை பிரான்சின் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் அலேசியாவை அகழ்வித்தான். ஏறத்தாழ ஏழு மீற்றர் உயரத்தில் வெர்சிங்கெதோரிக்ஸின் சிலையை அக்குன்றில் நிறுத்தினான். சிலையின் முகத்தில் நெப்போலியனின் சாயல் இருக்கிறது என்பர். அவன் அதே காலத்தில் எழுதி வெளியிட்ட நூல் யாரைப் பற்றியது தெரியுமா? சீசரைப் பற்றியது. கொன்றவனுக்குச் சரித்திரமும் கொல்லப்பட்டவனுக்குச் சிலையும் ஒரே கையால்! ஐந்தாண்டில் அவன் பிரஷ்யரிடம் சிறைப்பட்டான். பின்வந்த குடியரசும் அந்த மறவனைப் பாடப்புத்தகத்தில் ஏற்றியது. 1942 இல், ஜெர்மனிக்குப் பணிந்த பெத்தேன் அரசு கெர்கோவியாவில் நாடெங்கிலுமிருந்து மண் கொணர்ந்து விழா நடத்தியது; பணியாதவர்களும் அதே பெயரைச் சொல்லிப் போரிட்டார்கள். 1959 இல் கொசினி, உதர்சோ என்ற இருவர் அஸ்ரெரிக்ஸ் என்னும் குள்ள மறவனைச் சித்திரக் கதையாக்கினர். ஒருவர் யூதக் குடியேறிகளின் மகன், மற்றவர் இத்தாலியக் குடியேறிகளின் மகன். 1965 இல் பிரான்ஸ் விண்ணில் ஏவிய முதற் கோளுக்கும் அஸ்ரெரிக்ஸ் என்றே பெயர்.

இவ்வளவு கெல்ட்டியப் பற்று உள்ள நாட்டில் ஒரு கெல்ட்டிய மொழி உயிரோடும் இருந்தது. மேற்குக் கரையில் பிரெத்தாஞ் மாநிலத்தின் பிரெத்தோன் மொழி. அங்குள்ள பாடசாலைகள் பலவற்றில், தாய்மொழி பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்காலணியையோ வேறொரு பொருளையோ தொங்கவிட்டார்கள். அவன் அதைக் கழற்ற வேண்டுமானால், அடுத்துப் பேசுகிறவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலேகூட, பிரதேச மொழிகளை முழுப் பயிற்று மொழியாக்கிக் கற்பிக்கும் முறை அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் தீர்த்தது. இறந்த கெல்ட்டியனுக்கு விண்கோள். பேசும் கெல்ட்டியனுக்குக் காலணி. நாம் சொல்ல வந்ததன் நடுப்புள்ளி இதுதான்: தோற்றுப்போன மறவன் எவருக்கும் அச்சம் தரமாட்டான். அவன் பெயரால் வரி கேட்க மாட்டான், பாடசாலை கேட்க மாட்டான், நீதிமன்றத்தில் தன் மொழியில் பேசவேண்டும் என்று கேட்க மாட்டான். ஆகையால் அவனைப் புகழ்வது மலிவு.

வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். ஆங்கிலேயரை எதிர்த்துப் பிரித்தானியர் நடத்திய போர்களிலே பிறந்தது ஆர்தர் என்ற பெயர். அவன் உண்மையில் வாழ்ந்தானா என்பதே ஐயம். வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேட், ஆர்தரின் முடி என்று சொல்லப்பட்டதையும் கவர்ந்து சென்றான். 1485 இல் வெல்ஷ் வழிவந்த ஏழாம் ஹென்றி செந்நாகக் கொடியோடு அரியணை ஏறித் தன் மூத்த மகனுக்கு ஆர்தர் என்று பெயரிட்டான். வெல்ஷ் மக்கள் மகிழ்ந்தனர், தம்மவன் ஆள்கிறான் என்று. அவனுடைய அடுத்த மகன் எட்டாம் ஹென்றியின் ஆட்சியிலேதான், 1536 இல், நீதிமன்ற மொழி ஆங்கிலமே எனவும் வெல்ஷ் மட்டும் பேசுவோர் அரச பதவி வகிக்கலாகாது எனவும் சட்டம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கும் பிள்ளைகளின் கழுத்தில் மரத்துண்டு தொங்கியது.

ஸ்கொத்லாந்தின் மலைநாட்டில் நடந்ததோ நாடகமே. 1746 இல் கலோடன் களத்தில் மலைநாட்டுப் படை ஒருமணி நேரத்துக்குள் நொறுங்கியது. அவர்களுடைய உடையைக்கூடச் சட்டம் தடுத்தது. பதினைந்து ஆண்டுகள் கழியுமுன் மக்பெர்சன் என்பவர், ஒஸியன் என்ற பழம்புலவனின் பாடல்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாக ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார். கேலிக் மொழியில் வழங்கிய உண்மையான கதைப்பாடல்கள் சிலவற்றோடு தம் கற்பனையை மிகுதியும் கலந்திருந்தார். ஐரோப்பா மயங்கியது, நெப்போலியன் போனபார்ட் போற்றிப் படித்தான், யோன்சன் பொய் என்று சாடினார். 1814 இல் வோல்ற்றர் ஸ்கொட் 'வேவர்லி' நாவலில் மலைநாட்டு மறவரை உலகம் காதலிக்கச் செய்தார். அதே 1814 இல், சதர்லாந்தின் ஸ்திராத்னேவர் பள்ளத்தாக்கில் கேலிக் பேசிய குடியானவர்களின் வீடுகள் கொளுத்தப்பட்டன, செம்மறிகளுக்கு இடம்விட. 1822 இல் நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்து மலைநாட்டு உடையணிந்து காட்சி கொடுத்தான். விழாவை ஒழுங்குசெய்தவர் ஸ்கொட். உடுப்பவனை வெளியேற்றிவிட்டு உடுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

அயர்லாந்தில் மட்டும் மறவன் சிலையாக நிற்க மறுத்தான். 1916 இல் டப்ளின் அஞ்சல் நிலையத்தைக் கைப்பற்றிக் கிளர்ச்சி செய்தோரின் தலைவர் பியர்ஸ், கூஹுலினைத் தம் பாடசாலை மாணவருக்கு முன்மாதிரியாக வைத்த ஆசிரியர். அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1935 இல், கல்லில் கட்டுண்டு இறக்கும் கூஹுலினின் வெண்கலச் சிலை அந்த அஞ்சல் நிலையத்தில் வைக்கப்பட்டது. பிற்காலத்தில் வட அயர்லாந்தில் பிரித்தானியப் பற்றாளரும் அதே உருவத்தைச் சுவர்களில் தீட்டினர்: தெற்கிலிருந்து வந்தோரைத் தடுத்த அல்ஸ்ரர் காவலன் அல்லவா அவன்! கதையைப் படித்தால் அவர்கள் சொல்வதிலும் பிழையில்லை.

விடுதலை பெற்ற அயர்லாந்து 1937 அரசியலமைப்பில் ஐரிஷை முதலாவது அரசகரும மொழி என்று எழுதியது. 2022 குடிசன மதிப்பில் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அம்மொழி தெரியும் என்றனர். பாடசாலைக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000. சட்டம் வந்தபோது மொழி வீட்டை விட்டுப் போய்விட்டிருந்தது. வேல்ஸில் 1962 பெப்ரவரியில் சோண்டர்ஸ் லூயிஸ் என்னும் முதிய எழுத்தாளர் 'மொழியின் விதி' என்ற வானொலி உரையை ஆற்றினார். வீரர்களைப் பற்றிப் பேசவில்லை. வரி அறிவித்தலை வெல்ஷ் மொழியில் தரச்சொல்லிப் பல ஆண்டுகள் போராடிய ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட இளைஞர் தொடங்கிய இயக்கம் தெருப்பலகை, படிவம், நீதிமன்ற அழைப்பாணை என்று சிறிய பொருள்களுக்காகச் சிறை சென்றது. 1967 இலும் 1993 இலும் சட்டங்கள் வந்தன. 2011 இல் வெல்ஷ் அரசகரும மொழியென ஏற்கப்பட்டது. 2021 கணக்கில் 538,000 பேர் அதைப் பேசுகின்றனர். பூடிக்காவின் பெயரை வெற்றி என்று அவர்களால் இன்றும் உணர முடியும். வெற்றியைக் குறிக்கும் வெல்ஷ் சொல் அதே வேரில் பிறந்தது.

முன்பு சொன்ன அந்த ஒரு வார்த்தை. 1923 இல் ஜோர்ஜ் தொம்சன் என்ற ஆங்கில மாணவர் ஐரிஷ் கற்க மேற்குக் கடலிலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குப் போனார். மீன்பிடித்தும் கிழங்கு விளைத்தும் வாழ்ந்த அவ்வூரார் இரவில் அடுப்பங்கரையில் பழைய மறவர் கதைகளைச் சொல்லக் கேட்டார். பின்னர் கோல்வேயில் ஐரிஷ் மொழியிலேயே கிரேக்கம் கற்பித்தார். அதன்பின் பேர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியரானார். அங்கு அவரிடம் ஆய்வு செய்யச் சென்றவர் எமது கைலாசபதி. அந்த ஆய்வின் பயனாகத் தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1968 இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. புறநானூற்றுப் பாணரும் ஐரிஷ், வெல்ஷ், கிரேக்கப் பாணரும் அந்நூலில் ஒரே அவையில் அமர்ந்திருக்கிறார்கள். பிளாஸ்கெட் தீவில் அதற்குள் எவருமில்லை. எஞ்சியிருந்த குடும்பங்கள் 1953 இல் கரைக்குக் கொண்டுவரப்பட்டன. அவர்கள் தம் வாயால் சொன்னதும் கையால் எழுதியதும் ஐரிஷ் மொழியில் அச்சேறிப் புத்தகங்களாக இருக்கின்றன.